தேங்காய்த் தண்ணீரும் குத்துவிளக்கும்: லென்ஸுக்கு யூவி ஃபில்டரா, ஹுட்டா?

தைப்பூசத்துக்கு முந்தைய நாள், பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவிலை நோக்கி நகரும் பாதையில் கேமராவுடன் நின்று பழகியவர்களுக்கு, லென்ஸின் முன் கண்ணாடி எதையெல்லாம் சந்திக்க வேண்டியிருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. சாலையோரம் மலைபோல் குவித்து வைத்த தேங்காய்கள் ரதத்தின் முன்னே சிதறுகாயாக உடைபடும்போது தண்ணீர் மார்பளவுக்குத் தெறிக்கிறது. ஓட்டுச் சில்லுகள் காலில் பட்டு எகிறுகின்றன. ஒருமுறை ரதம் கடந்து போன பிறகு என் லென்ஸை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். அதன் முன்னால் திருகி மாட்டியிருந்த 77 மில்லிமீட்டர் ஃபில்டர் கண்ணாடியின் மீது பத்துப் பன்னிரண்டு துளிகள் காய்ந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வெளிறிய வளையம் படிந்திருந்தது. துணியால் தொட்டபோது பாகு போல் இழுபட்டது. அந்தக் கண்ணாடியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவ முடிந்தது. லென்ஸின் சொந்தக் கண்ணாடியாக இருந்திருந்தால் அப்படிக் கழுவியிருக்க முடியாது.

இதை வைத்து, எந்நேரமும் யூவி ஃபில்டர் மாட்டியிருப்பதே நல்லது என்று முடிவு கட்டிவிட முடியாது. லென்ஸைக் காக்க நம்முன் உள்ள வழிகள் நான்கு: விலை மலிவான யூவி ஃபில்டர், எதிரொளிப்பைக் குறைக்கும் தரமான பூச்சுள்ள யூவி அல்லது நிறமற்ற காப்புக் கண்ணாடி, லென்ஸின் முன் விளிம்பைச் சுற்றி மாட்டும் பிளாஸ்டிக் கூடான லென்ஸ் ஹுட், எதுவுமே மாட்டாமல் மூடியை மட்டும் நம்பும் வழக்கம். இவற்றுள் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒற்றை விடை தேடுவதால்தான் குழப்பம் வருகிறது. லென்ஸுக்கு வரும் ஆபத்து மூன்று வகைப்பட்டது: அடி, தெறிப்பு, துடைப்பு. மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது.

முதலில் யூவி என்ற பெயரைப் பார்ப்போம். 400 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஃபிலிமில் இருந்த வெள்ளி உப்புகள் இயல்பிலேயே நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் எளிதில் வசப்படுபவை. கேமரன் மலை போன்ற உயரங்களிலும் கடலோரத்திலும் எடுத்த படங்களில் தொலைவுக் காட்சி நீலம் பூத்துத் தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் குறையை நீக்கத்தான் இந்த ஃபில்டர் வந்தது. டிஜிட்டல் கேமராவில் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அடுக்கே புற ஊதாவைத் தடுத்துவிடுகிறது. லென்ஸுக்குள் உள்ள கண்ணாடிகளும் அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே இன்று யூவி ஃபில்டருக்கும் நிறமற்ற காப்புக் கண்ணாடிக்கும் படத்தில் தெரியக்கூடிய வேறுபாடு அனேகமாக இல்லை. வாங்கும்போது கவனிக்க வேண்டியது மேல்பூச்சின் தரத்தைத்தான்.

நம் ஊரில் இன்னொரு நம்பிக்கையும் உண்டு. 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வந்த புகைமூட்டம் மலேசியத் தீபகற்பத்தை மூடியபோது, யூவி ஃபில்டர் மாட்டினால் காட்சி தெளியும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். புகையில் மிதக்கும் துகள்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே சிதறடிக்கின்றன. புற ஊதாவை வடிகட்டி அதைச் சரிசெய்ய இயலாது.

இனி அடிக்கு வருவோம். யூவி ஃபில்டரை விற்பவர்கள் முதலில் காட்டும் சான்று, உடைந்துபோன ஒரு ஃபில்டரும் அதன் பின்னே பிழைத்துக்கொண்ட ஒரு லென்ஸும்தான். எனக்கும் அது நேர்ந்தது. ஒரு திருமண மண்டபத்தின் படிக்கட்டில் கேமரா தோளிலிருந்து நழுவி, லென்ஸ் முகம்குப்புற விழுந்தது. ஃபில்டர் சுக்குநூறானது. "நல்லவேளை அண்ணே, ஃபில்டர் காப்பாத்திருச்சு" என்று உடனிருந்த தம்பி ஆறுதல் சொன்னார். அன்றிரவு சில்லுகளை ஊதி எடுத்துவிட்டுப் பார்த்தால், முன் கண்ணாடியில் பிறை வடிவில் ஒரு மெல்லிய கீறல் இருந்தது. அது தரையில் பட்ட கீறல் அன்று. உடைந்த ஃபில்டரின் சில்லு உள்நோக்கி அழுந்தியதால் விழுந்த கீறல். ஃபில்டரின் கண்ணாடி ஓரிரு மில்லிமீட்டர் தடிமனே உடையது. லென்ஸின் முன் கண்ணாடியோ அதைவிடப் பன்மடங்கு கனமானது. மெல்லிய கண்ணாடியை நொறுக்கும் அடி கனமான கண்ணாடியையும் நொறுக்கியிருக்கும் என்று கொள்வதற்கு ஆதாரமில்லை. போதாக்குறைக்கு ஃபில்டரின் வளையம் நசுங்கி லென்ஸின் மரையைக் கவ்விக்கொண்டது. அதைக் கழற்றவே பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டியதாயிற்று.

அன்று விழுந்தபோது ஹுட் மாட்டியிருந்தால், கண்ணாடிக்கு வெகு முன்னாலேயே பிளாஸ்டிக் விளிம்பு தரையைத் தொட்டிருக்கும். அது வளைந்தோ பிளந்தோ, பொருத்திய இடத்திலிருந்து தெறித்தோ அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். புதிய ஹுட் வாங்கினால் கதை முடிந்தது. கூட்டத்தில் காவடியின் கம்பி இடிப்பதும், இடுப்பில் தொங்கும் கேமரா தடுப்புக் கம்பியில் உரசுவதும் இப்படித்தான் தடுக்கப்படுகின்றன. இதற்கு ஒரு வரம்பும் இருக்கிறது. தொலைவிலுள்ளதை நெருக்கமாகக் காட்டும் டெலி லென்ஸுகளின் ஹுட் ஆழமானது, நல்ல கவசம். அகலக்கோண லென்ஸுகளின் ஹுட்டோ பூவிதழ் போல் மேலோட்டமானது, அதன் காப்பும் அந்த அளவுக்கே. ஆனாலும் ஹுட்டினால் படம் கெடுவதில்லை. பக்கவாட்டு ஒளியைத் தடுத்து அது படத்துக்கு நன்மையே செய்கிறது. மற்ற மூன்று வழிகளுக்கும் இந்தச் சிறப்பு இல்லை.

தெறிப்பு என்று வரும்போது நிலைமை தலைகீழாகிறது. பத்துமலையின் 272 படிகளில் பால்குடத்தோடு ஏறுபவர்களுக்கு நெருக்கமாக நின்று எடுக்கும்போது பால் சிந்தும், மேலே விபூதி பறக்கும். குகைக்குள் நுழைந்தால் கூரையிலிருந்து நீர் சொட்டும். தஞ்சோங் பூங்கா கடற்கரையில் காற்று உப்பைச் சுமந்து வரும். இவற்றில் எதையும் ஹுட் முழுமையாகத் தடுக்காது. துளியைவிடக் கெடுதலானது, அவசரத்தில் அதை நாம் துடைக்கும் விதம். விபூதித் துகளோ உப்புப் படிவமோ இருக்கும் கண்ணாடியைச் சட்டை நுனியால் அழுத்தித் தேய்த்தால், மேல்பூச்சில் மயிரிழைக் கோடுகள் விழத் தொடங்கும். ஃபில்டர் தன் விலைக்கு உழைப்பது இங்கேதான்: அஞ்சாமல் துடைக்கலாம், கெட்டுப்போனால் மாற்றலாம். கேனான் 17-40 மில்லிமீட்டர் எஃப்/4 எல் போன்ற சில லென்ஸுகளில், முன்னால் ஃபில்டர் மாட்டினால்தான் தூசியும் நீரும் புகாத அடைப்பு முழுமையாகும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். அவற்றைக் கடலோரத்துக்கு ஃபில்டரின்றிக் கொண்டுபோகக் கூடாது. அண்மைக் கால லென்ஸுகள் பலவற்றில் முன் கண்ணாடிக்கு நீரும் எண்ணெயும் ஒட்டாத ஃப்ளோரின் பூச்சு இருக்கிறது. அத்தகைய லென்ஸ் வைத்திருப்பவர் வெறும் மழைத் தூறலுக்காக ஃபில்டர் தேட வேண்டியதில்லை.

ஃபில்டருக்குக் கொடுக்கும் விலை ரிங்கிட்டோடு முடிவதில்லை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் படும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பியனுப்புகிறது. இரு பரப்புக்குமாக 8 விழுக்காடு. நல்ல பல்லடுக்குப் பூச்சு இதை ஒரு பரப்புக்கு அரை விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவரும். பகல் வெளிச்சத்தில் இந்த வேறுபாடு கண்ணில் படாமல் போகலாம். இருட்டின் நடுவே ஒரு சுடர் நிற்கும்போது மறைக்கவே முடியாது. ஒரு திருமணத்தில் மணமேடையின் இடப்பக்கக் கீழ்மூலையில் குத்துவிளக்கு ஐந்து முகமும் எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால், வலப்பக்க மேல்மூலையில், மணப்பெண்ணின் அண்ணி நின்ற இடத்தில், அவருடைய கருநீலப் புடவையின் மீது ஐந்து பச்சைச் சுடர்கள் தலைகீழாக மிதந்தன. சென்சாரில் பட்டுத் திரும்பிய ஒளி தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வரும்போது, படத்தின் மையத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் இப்படிப் போலி உருவம் விழுகிறது. 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரத்தைக் கேஎல்சிசி பூங்காவிலிருந்து இரவில் எடுப்பவர்கள், கறுத்த வானத்தில் தலைகீழ் விளக்குப் புள்ளிகளைக் கண்டு லென்ஸைக் குறை சொல்வதற்கும் இதுவே காரணம். பூச்சில்லாத மலிவு ஃபில்டரில் இது அப்பட்டமாகத் தெரியும். தரமான ஃபில்டரில் குறையும், அடியோடு போகாது. ஹுட்டும் இதைத் தடுக்காது, ஏனெனில் சுடர் காட்சிக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி வைப்பது ஒன்றே வழி.

ஆகவே மலிவு ஃபில்டரை எந்தச் சூழலுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்து வாங்கிய லென்ஸின் முன்னால் இருபது ரிங்கிட் கண்ணாடியை நிறுத்துவது, அந்த லென்ஸுக்குக் கொடுத்த பணத்தின் ஒரு பகுதியை வீணாக்குவதே. நல்லதொன்றை வாங்க மனமில்லை என்றால் வெறும் லென்ஸே மேல். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறலோ தூசியோ இருந்தால் அது படத்தில் அனேகமாகத் தெரியாது. வெளிச்சத்தை எதிர்நோக்கி எடுக்கும்போது படத்தின் ஒளி-நிழல் வேறுபாடு சற்றுக் குறையலாம், அவ்வளவே. என் பிறைக் கீறல் லென்ஸ் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது. முன் கண்ணாடி குவிந்து வெளியே புடைத்திருக்கும் நிக்கான் 14-24 எஃப்/2.8 போன்ற லென்ஸுகளில் திருகும் ஃபில்டருக்கு மரையே கிடையாது. அவற்றின் உரிமையாளர்கள் ஹுட்டையும் கைப்பக்குவத்தையும் நம்பியே காலம் தள்ளுகிறார்கள்.

பூஞ்சைக்கு அஞ்சி ஃபில்டர் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். நம் ஈரக்காற்றில் பூஞ்சை லென்ஸுக்குள்ளேயே வளரும். வெளியே மாட்டும் கண்ணாடி அதைத் தடுக்காது. ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வைக்கும் உலர்பெட்டிதான் அதற்குத் தீர்வு.

என் பையில் இப்போது ஹுட் எப்போதும் லென்ஸோடு இருக்கிறது. தரமான காப்புக் கண்ணாடி ஒன்று தனி உறையில் இருக்கிறது. தேங்காய், பால்குடம், கடற்காற்று ஆகிய மூன்றுக்கு மட்டும் அது வெளியே வருகிறது, விளக்கேற்றும் நேரத்தில் உள்ளே போகிறது. அதைத் திருகும்போது விரல் நுனியின் பலத்துக்குமேல் இறுக்குவதில்லை. பித்தளை வளையமாக இருந்தால் அலுமினியத்தைப்போல் எளிதில் கவ்விக்கொள்ளாது. அப்படியும் சிக்கிக்கொண்டால், வளையத்தைச் சுற்றி அகலமான ரப்பர் பட்டை ஒன்றைப் போட்டு, உள்ளங்கையைச் சமமாக வைத்து, அழுத்தாமல் மெதுவாகத் திருப்பினால் கழன்று வரும். இரு விரலால் கிள்ளிப் பிடித்துத் திருகினால் வளையம் கோணிக்கொண்டு இன்னும் இறுகும். கழுவிய ஃபில்டரை முற்றிலும் உலர்ந்த பிறகே மீண்டும் மாட்ட வேண்டும். இடையில் சிக்கும் ஈரம் உட்புறமாகப் பனிக்கும், அதைத் துடைக்க மறுபடியும் கழற்றித்தான் ஆக வேண்டும்.