நாலு பக்கமும் சரி, சதுரடி மட்டும் தப்பு

கோணல் மனை வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்கு 200 சதுரடி, அதாவது 3 லட்சம் ரூபாய் போய்விட்டது.

ஊருக்கு வெளியே ஒரு மனை, தெற்கே ரோடு. பத்திரத்தில் அளவு இப்படி: கிழமேல் தென்புறம் 40 அடி, வடபுறம் 60 அடி, தென்வடல் கீழ்புறம் 30 அடி, மேல்புறம் 50 அடி, ஆக 2,000 சதுரடி. சதுரடி 1,500 ரூபாய். நாலு பக்கமும் நானே டேப் பிடித்து அளந்தேன். ஓர் அங்குலம் குறையவில்லை. நாற்பதும் அறுபதும் நூறு, பாதி ஐம்பது. முப்பதும் ஐம்பதும் எண்பது, பாதி நாற்பது. பெருக்கினால் இரண்டாயிரம் என்று தரகர் செல்போனில் போட்டுக் காட்டினார். "கணக்கு சரிதானே சார்?" பி.காம். படித்த நானும் தலையாட்டினேன்.

கூட்டுப் பட்டாவில் உட்பிரிவு கேட்டு மனு போட்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. தனிப் பட்டாவில் பரப்பு 1.67 ஏர் என்று வந்தது. ஒரு ஏர் சுமார் 1,076 சதுரடி. எப்படிப் பெருக்கினாலும் 1,800-ஐத் தாண்டவில்லை.

அளக்க வந்த சர்வேயரையே பிடித்துக் கேட்டேன். அவர் ஒரு தாளில் மனையை வரைந்து, தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டார். 50 அடி. மனை இரண்டு முக்கோணமானது. ரோட்டோர முக்கோணத்தில் தென்கிழக்கு மூலை மூலைமட்டம் வைத்தாற்போல இருக்கிறது. அதனால் 40 × 30-ல் பாதி, 600. அடுத்ததில் வடக்கு எல்லை 60 அடி, அதற்குத் தென்மேற்கு மூலையிலிருந்து நேர்குத்தாக அளந்தால் 40 அடி. பெருக்கிப் பாதியாக்கினால் 1,200. மொத்தம் 1,800, அவ்வளவுதான்.

கயிற்றுக் கட்டிலின் சட்டம் ஆடிப்போய் ஒருபக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? நாலு கட்டையும் அதே நீளம்தான், ஆனால் படுக்க இடம் குறைந்துவிடும். சராசரிக் கணக்குக்கு அந்தச் சாய்வு தெரியாது. நாலு மூலையும் செங்கோணமாக இருந்தால் மட்டுமே அது சரியாக வரும். மற்றபடி எப்போதும் கூடத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது. விற்பவர்களுக்கு ஏன் அது பிடிக்கிறது என்று இப்போது புரிகிறது. பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628-லேயே இது தோராயக் கணக்குதான் என்று எழுதி, துல்லியத்துக்கு வேறு சூத்திரம் கொடுத்திருக்கிறார். எனக்குத்தான் 3 லட்சம் கட்டிய பிறகு தெரிந்தது.

விற்றவரிடம் போனேன். "பத்திரத்துல போட்ட நாலு அளவும் இடத்துல இருக்குல்ல? அப்புறம் என்ன?" என்றார். தரகர் போனை எடுப்பதில்லை. கூடுதல் 200 சதுரடிக்குக் கட்டிய பத்திரச் செலவும் போனது போனதுதான்.

உங்கள் மனை கோணலாக இருந்தால் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு டேப்பை இழுத்து அந்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தாவது அளவு இல்லாமல் யார் சதுரடி சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.

என் மனைக்கு மேற்கே உள்ளதையும் அதே ஆள்தான் விற்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வந்து நாலு பக்கமும் அளந்துகொண்டிருந்தது. அது என்னுடையதைவிடக் கோணல்.