ஜிம்னிக்கு 'பவர் கிட்' போடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

சேலத்தில் ஒரு மாடிஃபிகேஷன் கடை. என் மாருதி ஜிம்னி காருக்கு 'பவர் கிட்' என்று மூன்று பொருட்களைத் தலையில் கட்டினார்கள்: எண்ணெய் தடவிய கூம்பு வடிவ (கோன்) ஏர் ஃபில்டர், புகையைத் தடையில்லாமல் வெளியே விடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ஆக்ஸிலரேட்டர் பெடலில் மாட்டும் சின்னப் பெட்டி. மொத்தம் 46,000 ரூபாய். "சார், குறைஞ்சது பதினஞ்சு குதிரை பவர் ஏறும்" என்று ஒரு டைனோ (வண்டியின் பவரை அளக்கும் மெஷின்) கிராஃபையும் காட்டினார்கள். அது வேறு ஏதோ டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியின் கிராஃப் என்று பிறகுதான் தெரிந்தது.

முதல் இரண்டு வாரம் நானும் நம்பினேன். பெடலைத் தொட்டாலே வண்டி பாய்ந்தது. அந்தப் பெட்டி செய்வது ஒரே வேலைதான்: நீங்கள் கால்வாசி மிதித்தால் பாதி மிதித்ததாக எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவிடம் சொல்லும். முழுக்க மிதித்தால் வருவது கம்பெனி கொடுத்த அதே 104.8 பிஎஸ் (குதிரைத்திறன்) தான். சைலன்சர் சத்தத்தைக் கூட்டியது, வேறொன்றும் இல்லை.

கொல்லிமலை ஏறும்போது குட்டு வெளிப்பட்டது. 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, இழுவை செத்துவிட்டது. செக் எஞ்சின் லைட்டும் எரிந்தது. வண்டியின் சென்சார் தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி போனில் பார்த்தேன்: எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றின் சூடு 67 டிகிரி! கம்பெனி ஃபில்டர் பெட்டி முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். இந்தக் கோன் பானட்டுக்குள் திறந்தபடி உட்கார்ந்து, ரேடியேட்டர் துப்பும் அனலைக் குடித்துக்கொண்டிருந்தது. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு. போதாததற்கு, சூட்டைச் சென்சார் சொன்னதும் எஞ்சின் நாக் ஆகாமல் (பெட்ரோல் கண்டபடி வெடித்துத் தட்டாமல்) இருக்க ஈசியூ இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, பின்னுக்கு இழுத்துவிடும். பவருக்காக வாங்கிய பொருளே பவரைத் தின்றது.

எண்ணெய் செய்த கேடு இன்னும் மோசம். மெதுவாக இறங்கி வந்து, காரவள்ளி அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் காட்டினேன். அவர் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சாரைக் கழற்றி டார்ச் அடித்தார். உள்ளே முடி போன்ற கம்பியில் பழுப்பு நிறத்தில் பிசுக்கு, அதன்மேல் தூசி. "தம்பி, இதுக்கு மேல எண்ணெய் படவே கூடாதுப்பா" என்றார். அந்தக் கம்பியைச் சூடாகவே வைத்திருக்க எவ்வளவு கரன்ட் தேவைப்படுகிறது என்பதை வைத்துத்தான் ஈசியூ காற்றை அளக்கிறது. பிசுக்கு படிந்தால் காற்று குறைவாகத் தெரியும், பெட்ரோலும் குறைவாகப் போகும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்து 'இன்னும் பெட்ரோல் ஊற்று' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். திருத்தம் எல்லை தாண்டியதும் லைட் எரியும். எனக்கு வந்த பிழை கோட் பி0171, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதவில்லை என்பது.

ஃபில்டர் சுத்தமாகவே இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் கிடைத்திருக்காது. சாதாரண ஓட்டத்தில் காற்றைத் தடுப்பது ஃபில்டர் அல்ல, பெடலை மிதிக்கும் அளவுக்குத் திறக்கும் த்ராட்டில் வால்வு. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற கணக்குக்கே ஈசியூ திரும்பத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தும். டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சினில் ஃபில்டர் மாற்றிப் பதினைந்து குதிரை ஏற்றுகிறேன் என்பது பச்சைப் பொய்.

கடைக்காரர் என்ன செய்தார் தெரியுமா? 1,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அந்தப் பிழை கோட் பதிவை மட்டும் அழித்து லைட்டை அணைத்தார். இரண்டே நாளில் மறுபடி எரிந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஓட்டுற விதம் சரியில்லை சார்" என்கிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

யாராவது பவர் ஏறும் என்று சொன்னால், உங்கள் வண்டியையே அதே நாளில், அதே டைனோவில், மாட்டும் முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். அப்புறம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் போட மோட்டார் வாகனச் சட்டத்தில் 182ஏ பிரிவு இருக்கிறது. இதையும் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

சென்சாரை அதற்கென்று உள்ள ஸ்ப்ரேயால் கழுவி, பழைய ஃபில்டர் பெட்டியை மாட்டிவிட்டேன். போன ஞாயிறு அதே மலை, அதே வெயில். காற்றின் சூடு 44 டிகிரியைத் தாண்டவில்லை, வண்டி மூச்சுத் திணறாமல் மேலே போய்ச் சேர்ந்தது.