சில்டெனாஃபிலா, டடாலஃபிலா? இரண்டு மாத்திரைகளின் நிறைகுறை

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தும் ஒன்றும் ஆகவில்லை. விறைப்புக் குறைபாட்டுக்கு மருந்து வாங்கியவர்கள் இரண்டாம் முறை மருத்துவரிடம் வரும்போது அதிகம் சொல்லும் குறை இதுதான். கொஞ்சம் துருவிக் கேட்டால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று வெளியே வரும். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவியதும் போட்டிருப்பார். அல்லது போட்டுவிட்டு, தானாக வரட்டும் என்று கூரையைப் பார்த்துப் படுத்திருப்பார். அல்லது 25 மில்லிகிராமை ஒரே ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பார். இந்த மூன்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் இந்த மாத்திரைகளுக்கு மதிப்பெண் போட வேண்டும்.

முதலில் இது என்ன செய்கிறது, என்ன செய்யாது என்பதைப் பார்த்துவிடலாம். ஆசை எழும்போது ஆண்குறியின் நரம்பு முனைகளிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவருகிறது. அது சிஜிஎம்பி என்ற பொருளைக் கூட்டுகிறது. அதனால் உள்ளே இருக்கும் தசை தளர்ந்து, பஞ்சு போன்ற திசுவில் ரத்தம் நிரம்புகிறது. இந்தச் சிஜிஎம்பியைச் சிதைக்கும் நொதிக்குப் பிடிஇ-5 என்று பெயர். மாத்திரை அந்த நொதியை மட்டும் கட்டிப் போடுகிறது. தொட்டியின் ஓட்டையை அடைக்கிறதே தவிர, குழாயைத் திறப்பதில்லை. கிளர்ச்சியும் தொடுதலும் இல்லாமல் 100 மில்லிகிராம் விழுங்கினாலும் தலைவலிதான் மிச்சம். ஆசையே குறைந்துபோனவருக்கு இது ஆசையைக் கூட்டவும் கூட்டாது. அவருக்குப் பார்க்க வேண்டியது காலையில் எடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனை. (நைட்ரிக் ஆக்சைடின் இந்த வேலையைக் கண்டறிந்த மூவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும், வயாகராவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் ஒரே ஆண்டில், 1998இல்.)

வயாகரா என்ற பெயரில் வந்த சில்டெனாஃபில் இந்த வகையில் மூத்த பிள்ளை. நெஞ்சுவலிக்கு மருந்து தேடிய ஃபைசர் ஆய்வாளர்களின் கையில் வேறு வேலைக்குச் சிக்கியது. இந்தியாவில் பெனெக்ரா, கேவெர்ட்டா, சுஹாக்ரா, மேன்ஃபோர்ஸ் என்று பல பெயர்களில் வருகிறது. உள்ளே மருந்து ஒன்றுதான். 25, 50, 100 என்று மூன்று அளவுகள். வழக்கமான தொடக்கம் 50. 65 வயதைத் தாண்டியவர்கள், கல்லீரல் பாதிப்பு உள்ளவர்கள், சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்கள் ஆகியோருக்கு 25. உறவுக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். சிலருக்கு அரை மணியிலேயே வேலை தொடங்கிவிடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் நான்கு மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஒரு நாளுக்கு ஒரு முறைக்கு மேல் கூடாது.

இந்த மாத்திரையின் பெரிய பலவீனம் சாப்பாடு. கொழுப்பு மிகுந்த உணவோடு சேர்ந்தால் மருந்து உச்சத்தை எட்ட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகும். உச்ச அளவும் 29 சதவீதம் வரை குறையும். பரோட்டா, சால்னா, வறுவல் என்று இரவு ஒன்பதரைக்கு முடித்துவிட்டுப் பத்து மணிக்குப் போட்டவருக்கு, மாத்திரை முழு வேகத்தில் வரும் நேரத்தில் இருவரும் தூங்கியிருப்பார்கள். இரண்டு மூன்று இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். விருந்து தவிர்க்க முடியாத நாளென்றால் சாப்பிடுவதற்கு முன்பே, மாலையிலேயே போட்டுவிடலாம். மதுவும் இதே கணக்கில்தான் வரும். ஒரு பெக் பதற்றத்தைக் குறைக்கும் என்று ஆரம்பித்து நாலில் முடிந்தால், மாத்திரை கொடுத்ததை மது எடுத்துக்கொள்ளும். ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலும் வரும்.

பக்க விளைவுகளில் முதலிடம் தலைவலிக்கு. தொடக்ககால ஆய்வுகளில் நூற்றுக்கு 16 பேருக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் 4 பேருக்கு. முகம் சிவந்து காது சூடாவது 10 பேருக்கு, நெஞ்செரிச்சல் 7 பேருக்கு, மூக்கடைப்பு 4 பேருக்கு. மூக்கடைப்பைச் சளி என்று நினைத்து மருந்து தேட வேண்டாம். மூக்குக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களும் சேர்ந்து விரிவதுதான் காரணம், சில மணி நேரத்தில் போய்விடும். இன்னும் சிலருக்கு வெளிச்சம் நீலம் பூத்துத் தெரியும். கண்ணின் விழித்திரையில் இருக்கும் பிடிஇ-6 என்ற நொதியையும் சில்டெனாஃபில் லேசாகத் தொடுவதால் வருவது இது. 100 மில்லிகிராமில் அதிகம். நீல நிறம் வந்து போனால் பயமில்லை. ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போனாலோ, காது திடீரென்று கேட்காமல் போனாலோ மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

டடாலஃபிலின் குணம் வேறு. மெகாலிஸ், டடாசிப் போன்ற பெயர்களில் கிடைக்கிறது. இதற்குச் சாப்பாடு பொருட்டே இல்லை. ரத்தத்தில் பாதியாகக் குறைய 17.5 மணி நேரம் பிடிக்கும். பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். வெள்ளி இரவு போட்டால் ஞாயிறு காலை வரை கடிகாரம் பார்க்க வேண்டாம். 36 மணி நேரமும் விறைத்தே இருக்கும் என்று பயந்து இதை ஒதுக்குபவர்கள் உண்டு. அப்படியில்லை, கிளர்ச்சி வரும்போது மட்டும்தான் உதவும். தேவைப்படும்போது போடுவதானால் 10 மில்லிகிராமில் தொடங்கி 20 வரை. உச்சத்தை எட்டச் சராசரியாக இரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், சில்டெனாஃபிலுக்குப் பழகியவர்கள் முதல் நாள் அவசரப்பட்டு ஏமாறுவதுண்டு.

இன்னொரு வழி, தினமும் ஒரே நேரத்தில் 5 மில்லிகிராம். ஐந்தாறு நாளில் ரத்தத்தில் ஒரே சீரான அளவு வந்துவிடும். வாரத்தில் இரண்டு மூன்று முறைக்கு மேல் உறவு கொள்பவர்களுக்கும், ‘இன்றைக்கு மாத்திரை போட்டாயிற்று, நடந்தே ஆக வேண்டும்’ என்ற நெருக்கடியிலேயே சோர்ந்துபோகிறவர்களுக்கும் இது பொருத்தம். ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போகும் பிரச்சினைக்கும் இதே 5 மில்லிகிராம் அனுமதிக்கப்பட்ட மருந்து. ஐம்பதைத் தாண்டியவருக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்தே வருவதால் ஒரு மாத்திரையில் இரண்டு வேலை முடியும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் இந்தத் தினசரிக் கணக்கு மாறும், மருத்துவர் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

இதன் வில்லங்கம் முதுகுவலி. மாத்திரை போட்ட 12 முதல் 24 மணி நேரத்துக்குள் இடுப்பும் தொடையும் கடுத்து, இரண்டு நாளில் தானாக விடும். மறுநாள் வருவதால் மாத்திரைதான் காரணம் என்றே பலருக்குத் தோன்றாது. வண்டி ஓட்டியதால் என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். நீலப் பார்வை இதில் அரிது. நீண்ட நேரம் நிற்பதுதான் இதன் பெருமை, தொல்லை வந்தாலும் அதே நீண்ட நேரம் நிற்கும்.

முதல் மாத்திரையாக எதைத் தேர்வது? வாரத்துக்கு ஒரு முறை, இரவுச் சாப்பாட்டை அடக்கிக்கொள்ள முடியும், செலவும் குறைய வேண்டும் என்றால் சில்டெனாஃபில் 50. வீட்டில் பெரியவர்கள், குழந்தைகள், எப்போது தனிமை கிடைக்கும் என்று சொல்ல முடியாத குடும்பத்துக்கு டடாலஃபில். நம் வீடுகளின் அமைப்புக்கு இரண்டாவதே ஒரு படி மேல் என்பது எங்கள் கணிப்பு. வார்டெனாஃபில், அவனாஃபில் என்று வேறு இரண்டும் உண்டு. இதே குடும்பம்தான், எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை.

எவ்வளவு பலிக்கும்? 1998இல் வெளியான சில்டெனாஃபிலின் முக்கிய ஆய்வில், மருந்து போட்டவர்களின் முயற்சிகளில் 69 சதவீதம் வெற்றி பெற்றன; வெற்று மாத்திரைக்கு 22 சதவீதம். அந்த 22ஐயும் கவனிக்க வேண்டும், மனசு செய்யும் வேலை அவ்வளவு. சர்க்கரை நோயாளிகளை வைத்து 1999இல் வந்த ஆய்வில் முன்னேற்றம் கண்டவர்கள் 56 சதவீதம், வெற்று மாத்திரையில் 10. சர்க்கரை, ரத்தக் குழாயை மட்டுமில்லாமல் நைட்ரிக் ஆக்சைடை விடும் நரம்பையும் அரிப்பதால் மாத்திரை காப்பாற்றுவதற்கான சரக்கே அங்கே குறைவு. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவராமல் 50ஐ 100 ஆக்குவதால் கிடைப்பது சொற்பம். ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவை செய்தவர்களுக்கும் நரம்பு சேதத்தைப் பொறுத்துப் பலன் குறையும்.

தோற்றது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒரு கணக்கு உண்டு. தாங்கக்கூடிய அதிகபட்ச அளவில், சரியான வயிற்றோடு, சரியான நேரத்தில், ஆறு முதல் எட்டு முறையாவது முயன்றிருக்க வேண்டும். முதல் இரண்டு தடவை பரீட்சை பயத்திலேயே போய்விடும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை, நைட்ரோகிளிசரின் ஸ்பிரே, ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் ஆகிய நைட்ரேட் வகை மருந்துகளில் எதை எடுப்பவரும் இந்த இரண்டு மாத்திரைகளையும் தொடவே கூடாது. நெஞ்சுவலி மருந்தான நிகோராண்டிலும் அதே பட்டியலில் சேரும். இவையும் விறைப்பு மாத்திரையும் ஒரே பாதையில் ரத்தக் குழாயை விரிப்பவை. சேர்ந்தால் அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். வீட்டு அலமாரியில் சார்பிட்ரேட் வைத்திருந்து, நெஞ்சு கனத்தால் ஒன்றை நாக்கடியில் தள்ளும் பழக்கம் நம்மிடம் சர்வசாதாரணம் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உறவின்போதோ பிறகோ நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸில் வருபவரிடமும் கேஷுவாலிட்டி மருத்துவரிடமும் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரையும் போட்ட நேரத்தையும் சொல்ல வேண்டும். சில்டெனாஃபில் என்றால் 24 மணி நேரம், டடாலஃபில் என்றால் 48 மணி நேரம் அவர்கள் நைட்ரேட்டைத் தவிர்ப்பார்கள். மனைவிக்குத் தெரியாமல் போட்டுக்கொள்பவர்கள் மயங்கிவிட்டால் சொல்ல ஆளிருக்காது.

படர்தாமரைக்கு வாரக்கணக்கில் எழுதப்படும் இட்ராகோனசோல், கீட்டோகோனசோல், ஆன்டிபயாடிக்கான எரித்ரோமைசின், எச்ஐவி மருந்தான ரிட்டோனவிர் ஆகியவை கல்லீரலில் இந்த மாத்திரைகள் கரையும் வழியை அடைத்துவிடும். 50 போட்டவருக்கு உடம்பில் அதைவிடப் பல மடங்கு போட்டதுபோல் ஏறும். அப்போது சில்டெனாஃபிலை 25இல்தான் தொடங்க வேண்டும். ரிட்டோனவிர் என்றால் அந்த 25ம் 48 மணி நேரத்துக்கு ஒரு முறைதான். ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போடுபவர் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழலாம். அந்த மருந்து உடம்புக்குப் பழகிய பிறகு சின்ன அளவில் தொடங்க வேண்டும். டாம்சுலோசினும் டடாலஃபிலும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் வருகிறது. அதைத் தினமும் போட்டுக்கொண்டே தனியாகச் சில்டெனாஃபில் வாங்குபவருக்குத் தான் ஒரே வகை மருந்தை இரட்டையாகப் போடுவது தெரியாது. அட்டையில் பிராண்டோடு அச்சிட்டிருக்கும் மருந்துப் பெயரைப் படித்தால் தெரிந்துவிடும்.

விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டியும் இறங்காவிட்டால் ஐஸ் வைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேங்கிய ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்து திசு செத்துவிடும். அதற்குப் பிறகு எந்த மாத்திரையும் வேலை செய்யாது.

இரண்டும் ஷெட்யூல் எச் மருந்துகள், சீட்டில்லாமல் விற்கக் கூடாது. கடையில் கூச்சப்பட்டுச் சீட்டில்லாமல் வாங்குபவர் இழப்பது ஒரு பரிசோதனையை. ஆண்குறியின் ரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீட்டர், இதயத்தின் குழாய் 3 முதல் 4. கொழுப்புப் படியும்போது சின்னது முதலில் அடைபடும். விறைப்புக் குறைந்தவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மாரடைப்பு வருவது இதனால்தான். சீட்டு எழுதும் மருத்துவர் சுகர், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி, கொழுப்பு, பிரஷர் பார்க்கச் சொல்வார். இரண்டு மாடிப் படியை வேகமாக ஏறினால் நெஞ்சு வலிக்கிறதா என்றும் கேட்பார். விடியற்காலையில் விறைப்பு நன்றாக வந்து, துணையிடம் மட்டும் வராத இளைஞருக்குக் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவருக்கு மாத்திரை ஊன்றுகோல், சில வாரம் போதும். (சில்டெனாஃபில் நுரையீரல் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து. பிறந்த குழந்தைக்கு எழுதிய சீட்டோடு வரும் தாயைக் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பது இன்னும் ஓயவில்லை.)

டபோக்ஸிட்டின் சேர்ந்த கூட்டு மாத்திரைகளுக்கு எங்கள் மதிப்பெண் குறைவு. அது விந்து முந்துதலுக்கானது. அந்தப் பிரச்சினை இல்லாதவருக்குக் குமட்டலும் மயக்கமும்தான் கூடுதல் வரவு. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு ஆபத்து. மூலிகை என்று விற்கப்படும் ‘பவர்’ கேப்சூல்களுக்கு மதிப்பெண்ணே கிடையாது. இத்தகைய பொருட்களில் சொல்லாமல் கலந்த சில்டெனாஃபிலும் டடாலஃபிலும் சிக்கியதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ திரும்பத் திரும்ப எச்சரித்திருக்கிறது. லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்ப்பவரின் லேகியம் அரை மணியில் ‘பிடித்தால்’, சந்தேகப்பட வேண்டியது அந்த வேகத்தைத்தான். சார்பிட்ரேட் போடும் இதய நோயாளி ‘மூலிகைதானே’ என்று நம்பி அதைச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதே போதும்.

செலவைக் குறைக்க 100 மில்லிகிராமை வாங்கி இரண்டாக வெட்டுவது பலர் செய்வது. சாதாரண மேலுறை மாத்திரையில் இது சரிதான். பிளேடு நொறுக்கிவிடும், மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை வெட்டியால் வெட்டி, மீதிப் பாதியைச் சில நாளில் முடித்துவிட வேண்டும்.

இரண்டு மாத்திரையும் எட்டு முறை தோற்றால் அடுத்து வெற்றிடப் பம்ப், ஆண்குறியில் போடும் ஊசி, உள்ளே பொருத்தும் சாதனம் என்று சிறுநீர்ப் பாதை (யூராலஜி) மருத்துவரிடம் வரிசையாக வழிகள் உண்டு. ஊசியின் முதல் டோஸை அவர் தம் அறையிலேயே போட்டு, விறைப்பு இறங்கும்வரை உட்கார வைத்துத்தான் அனுப்புவார். ஆளுக்கு ஆள் அளவு மாறும் என்பதால் அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் போக வேண்டும்.