மலையில் கரன்ட் போனால் மைக்ரோஸ்கோப்புக்கு எந்த வெளிச்சம்?

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் ஜூன் பிறந்துவிட்டால் கரன்ட்டை நம்ப முடியாது. மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எஸ்டேட் லேபில் சாயம் போட்டுக் காயவைத்த ஸ்லைடு தயாராக இருக்கும், பார்க்க வெளிச்சம்தான் இருக்காது. லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) நடந்து வந்தவர் "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பினால் அவருக்கு இன்னொரு நாள் கூலியும் போகும்.

செலவில்லாத வழி, மைக்ரோஸ்கோப்பின் அடியில் மாட்டி வெளிச்சத்தை மேலே திருப்பும் கண்ணாடி. கன்டென்சர் (ஸ்லைடுக்குக் கீழே வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) இருந்தால் தட்டைப் பக்கம், இல்லாவிட்டால் குழிந்த பக்கம். வெளுத்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பிடிக்க வேண்டும். நேர் வெயிலைப் பிடித்தால் கண்ணுக்கே ஆபத்து. மலம், சிறுநீர் பார்க்கும் 10, 40 மடங்கு லென்ஸுக்கு இது போதும். மலேரியாவுக்கும் சளியில் காசநோய்க் கிருமிக்கும் எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 லென்ஸ்தான் சிக்கல். அதற்கு வெளிச்சம் நிறைய வேண்டும். ஆந்திராவின் குப்பம், சித்தூர் போன்ற வெயில் ஊர்களில் பகலில் சமாளிக்கலாம். மஞ்சு இறங்கிய மூணாற்றில் முடியாது.

ஹாலோஜன் பல்பில் நிறம் நன்றாகத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் 6 வோல்ட், 20 வாட் பல்பு 3 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் இருப்பது 84 வாட்-ஹவர்; 12 வோல்ட்டை 6-ஆக இறக்கும் கன்வர்ட்டர் வைத்தால் கணக்குப்படி 4 மணி நேரம் வரும். பாதிக்குக் கீழே இறக்கினால் அந்த பேட்டரி சீக்கிரம் கெடும் என்பதால், கைக்கு வருவது 2 மணி நேரம்தான். வெளிச்சத்தைக் குறைத்தால் மஞ்சளாகிவிடும், நீல ஃபில்டர் போட வேண்டும். பல்பு போனால் மாற்று பல்புக்கு மலை இறங்க வேண்டும்.

1 வாட் வெள்ளை எல்.இ.டி.க்குச் சுமார் 350 மில்லி ஆம்பியர் போதும். டார்ச்சில் போடும் 18650 செல், 2,600 மில்லி ஆம்பியர்-ஹவர் உள்ளது ஒன்று, ஏறக்குறைய 7 மணி நேரம் தாங்கும். என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் மலிவான எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாக இருக்கும். மலேரியா ஸ்லைடுக்குப் போடும் ஜீம்சா சாயத்தின் சிவப்பும் நீலமும் பிரிந்து தெரிய, வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் அளவு 4,000 முதல் 5,000 வரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். மேலே டிரேசிங் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் சீராகப் பரவும். பவர் பேங்கில் ஓட்டுவதானால் ஒரு விஷயம்: வெளிச்சத்தை ரொம்பக் குறைத்தால், செருகியதில் எதுவும் ஓடவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் தானாகவே நின்றுவிடும். வாங்கும் முன் விளக்கை மங்கலாக வைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

செல்போன் டார்ச் அவசரத்துக்கு மட்டும்.

காசநோய்க்கு ஆரமின் சாயம் போட்டு, கிருமி ஒளிர்வதைப் பார்க்கும் ஃபுளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் தனி ரகம். அதிலும் பாதரச விளக்குக்குப் பதில் எல்.இ.டி. போடலாம் என்று உலக சுகாதார அமைப்பு 2011-இல் பரிந்துரைத்தது.

கையில் இருக்கும் ஹாலோஜன் மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். பல்பை எடுத்துவிட்டு அதன் இழை இருந்த அதே உயரத்தில், நடுவில் எல்.இ.டி.யைப் பொருத்தச் சொல்லுங்கள். கொஞ்சம் தள்ளிப் போனாலும் பார்வை வட்டத்தின் ஒரு பக்கம் இருட்டும். கண்ணாடி மாட்டும் மாடலாக இருந்தால் அந்தக் கண்ணாடியையும் துடைத்து மேஜை இழுப்பறையிலேயே வைத்திருங்கள்.