மூன்று வருஷ புளூடூத்: அம்மாபேட்டையில் சமர்த்து, ஏற்காட்டில் அடம்

வீடு சேலம் அம்மாபேட்டை. வேலை ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுவது. 20 கொண்டை ஊசி வளைவும் கைரேகை மாதிரி அத்துப்படி. காதுக்கு இயர்பட்ஸ், கையில் வாட்ச், வண்டிச் சாவியில், தொலைந்தால் போனில் தேடிக் கண்டுபிடிக்க ஒரு புளூடூத் டேக்; மூன்று வருஷமாக இந்த மூன்றும் என்னோடு மலையேறி இறங்குகின்றன.

வாட்ச் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. இயர்பட்ஸ்தான் படுத்தியது. வீட்டில் ஒழுங்காகப் பாடும். மலையில் திறந்த மேட்டில் நடந்தால் விட்டு விட்டுக் கேட்கும். வாங்கின கடைப் பையன், "பேட்டரி போயிருக்கும், புதுசு வாங்கிக்கங்கண்ணா" என்றான். மாசக் கடைசி, அதனால் தப்பித்தேன். கோளாறு போனை வைத்திருந்த என் பேன்ட் பாக்கெட்டில்தான். புளூடூத் ஓடுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில். அதைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். பாக்கெட்டுக்கும் காதுக்கும் நடுவே நானே சுவராக நின்றிருக்கிறேன். வீட்டுக்குள் என்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் தெறித்தாவது அலை காதுக்கு வந்துவிடும். வெட்டவெளியில் எதில் பட்டுத் தெறிக்கும்? போனைச் சட்டைப்பைக்கு மாற்றினேன், தீர்ந்தது. போன் பேசும்போது மட்டும் இன்றுவரை கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருப்பதாக வீட்டில் புகார்.

டேக் கதை வேறு. போன டிசம்பரில், பழம் பறிக்கிற நேரம், செடிகளுக்குள் சாவி விழுந்துவிட்டது. டேக்கில் ஜிபிஎஸ் கிடையாது. பக்கத்தில் போகிற யாருடைய போனாவது அதன் குரலைக் கேட்டுச் சொன்னால்தான் உண்டு. சேலத்தில் எப்போதும் கூட்டமான ஐந்து ரோடு சந்திப்பில் விழுந்திருந்தால் நிமிஷத்தில் தெரிந்திருக்கும். காப்பிச் செடிக்குள் யார் வருவார்கள்? மேப் தோட்டத்து ஆபீஸ் வாசலையே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் போனைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தேன். கனெக்ட் ஆனதும் ஒலிக்கவிட்டேன். பழம் பறித்துக்கொண்டிருந்த அக்காதான், "சார், மிளகுக் கொடிக்கிட்ட சில்வண்டு கத்துதுங்க" என்றார்.

இத்தனைக்கும் உள்ளே இருப்பது எட்டணா அகலத்தில் ஒரு பட்டன் செல். மூன்று வருஷத்தில் இரண்டு தடவைதான் மாற்றினேன். 2010இல் வந்த புளூடூத் 4.0இன் லோ எனர்ஜி முறை இது. பெரும்பாலும் தூக்கம்தான், நடுநடுவே விழித்து, 40 சேனலில் மூன்றில் மட்டும் 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிடும்.

டேக் இன்னொன்று வாங்குவேன். சாவியில் இப்போது ஒரு சிவப்பு ரிப்பனும் தொங்குகிறது.