பாதி உண்மைக்கு நான் கொடுத்த விலை: என்.டி.ஏ. பயிற்சி மையத்தில் சேர்க்கும் முன் படியுங்கள்

பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ராணுவ அதிகாரியாக்கும் ஆசையில் பயிற்சி மையங்களை விசாரித்துக்கொண்டிருக்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவன். எங்களிடம் பணம் வாங்கிய மையத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருப்பதால் அதன் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

என் மகனுக்குச் சிறு வயதிலிருந்தே போர் விமானம் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் கிடையாது. 2022ஆம் ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியின் (என்.டி.ஏ.) நுழைவுத்தேர்வுக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒரு மையத்துக்கு அவனை அழைத்துச் சென்றேன். சனி, ஞாயிறு வகுப்புகள், இரண்டு ஆண்டுகளுக்கு 1,60,000 ரூபாய், தேர்வாகாவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்றார்கள். என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்துத்தான் முதல் தவணையைக் கட்டினேன். பதினோராம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டதற்கு, "எந்த குரூப்பா இருந்தாலும் என்.டி.ஏ. எழுதலாம் சார். சயின்ஸ் எடுத்தா லேப், ரெக்கார்டுன்னு நேரம் போயிடும். காமர்ஸ் போடுங்க, நம்ம கோச்சிங்க்கு நேரம் கிடைக்கும்" என்று நிர்வாகி சொன்னார். அவரை நம்பி, வணிகக் கணிதம் உள்ள வணிகவியல் பிரிவில் மகனைச் சேர்த்தேன்.

அவர் சொன்னது பொய் அல்ல என்பதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது. தரைப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவும் போதும். ஆனால் விமானப்படைக்கும் கடற்படைக்கும் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் கட்டாயம். இது, தேர்வை நடத்தும் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (யு.பி.எஸ்.சி.) ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் தேர்வு அறிவிப்பிலேயே இருக்கிறது. அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். நான் அதைத் திறந்து பார்த்ததே 2023 டிசம்பரில், 2024ஆம் ஆண்டின் முதல் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்த இரவில்தான். அந்த அறிவிப்பில் மொத்தம் 400 இடங்கள்: தரைப்படைக்கு 208, கடற்படைக்கு 42, விமானப்படைக்கு 120, கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாடமியின் 10+2 நுழைவுக்கு 30. இவற்றில் 192 இடங்கள் என் மகனுக்கு இல்லை என்பதை அவனேதான் திரையைப் பார்த்து எனக்குப் படித்துக் காட்டினான். அன்று இரவு அவன் சாப்பிடவில்லை.

பாடப்பிரிவின் பாதிப்பு அதோடு நிற்கவில்லை. எழுத்துத்தேர்வு மொத்தம் 900 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. கணிதத்துக்கு 300, பொதுத்திறன் தாளுக்கு 600. பொதுத்திறன் தாளில் ஆங்கிலத்துக்கு 200 போக மீதமுள்ள 400 பொது அறிவுக்கு. அந்தப் பொது அறிவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இயற்பியலும், 15 விழுக்காடு அளவுக்கு வேதியியலும் வருகின்றன. கணிதத்தாளில் வரும் வெக்டரும் முப்பரிமாண வடிவியலும் வணிகக் கணிதப் புத்தகத்தில் இல்லை. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில் குருட்டாம்போக்கில் குறித்துவிட்டு வரவும் முடியாது. மையத்தில் கொடுத்த 'ஸ்டடி மெட்டீரியல்' பெரும்பாலும் யு.பி.எஸ்.சி. தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய வினாத்தாள்களின் நகல்கள்தாம். 2024 ஏப்ரல் தேர்வில் மகன் தோற்றான். அதன் பிறகு எங்கள் தெருவிலிருக்கும் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர், காசு எதுவும் வாங்காமல், என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை வைத்து நான்கு மாதம் சொல்லிக்கொடுத்ததில் செப்டம்பர் தேர்வில் தரைப்படைக்காகத் தேறினான்.

உடனே மையத்திலிருந்து அழைப்பு வந்தது. எழுத்துத்தேர்வில் தேறியவர்களுக்கு ராணுவத் தேர்வு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.பி. நேர்முகத் தேர்வுக்குப் பத்து நாள் முகாம் என்று இன்னும் 18,000 ரூபாய் வாங்கினார்கள். ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி.யின் முதல் நாளில் மங்கலான படம் ஒன்றை முப்பது விநாடி காட்டி, நான்கு நிமிடத்தில் கதை எழுதச் சொல்வார்கள்; பிறகு அதைக் குழுவில் சொல்லி விவாதிக்க வேண்டும். எந்தப் படம் வந்தாலும் பொருந்தும் என்று ஒரே கதையை முகாமில் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள்: இளம் மருத்துவர் ஒருவர் கிராமத்துக்குப் போகிறார், இளைஞர்களைத் திரட்டுகிறார், மருத்துவ முகாம் நடத்துகிறார். பெங்களூரில் என் மகனுடைய குழுவில் அவனுக்கு முன்னால் பேசிய இருவரும் அதே மருத்துவ முகாமைத்தான் நடத்தினார்களாம். மூன்றாவது மருத்துவராக இவன் வாயைத் திறந்தபோது எதிரே இருந்த அதிகாரி பேனாவை மூடிவிட்டார் என்று சொன்னான். அன்று மாலையே திருப்பி அனுப்பப்பட்டான்.

இதற்குப் பிறகும் நிர்வாகி அசரவில்லை. தெரிந்த ஓர் 'ஓய்வுபெற்ற கர்னல்' மூலம் அடுத்த முறை 'பேசி முடிக்கலாம்' என்றும், மூன்று லட்சம் ஆகும் என்றும் சொன்னார். ஆனால் எஸ்.எஸ்.பி.யோ, உளவியலாளர், குழுப்பணித் தேர்வாளர், நேர்காணல் அதிகாரி ஆகிய மூவரும் தனித்தனியே மதிப்பிட்டு இறுதி நாளில் கூடி முடிவெடுக்கும் முறை; எழுத்துத்தேர்வின் 900உம் எஸ்.எஸ்.பி.யின் 900உம் சேர்த்து 1,800க்குத்தான் தரவரிசை. இதில் நிர்வாக ஒதுக்கீடும் இல்லை, நன்கொடையும் இல்லை. இந்த முறையாவது நான் அறிவிப்பைப் படித்திருந்ததால் அந்த மூன்று லட்சம் தப்பியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நான் கையெழுத்திட்ட படிவத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். வருகை 95 விழுக்காடு இருக்க வேண்டும், மூன்று முறை எஸ்.எஸ்.பி.க்குச் சென்று தோற்றிருக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. பத்தொன்பதரை வயதுக்குள் எழுத்துத்தேர்வில் மூன்று முறை தேறினால்தான் ஒரு பிள்ளை மூன்று முறை எஸ்.எஸ்.பி.க்குப் போக முடியும். அப்படித் தேறுகிற பிள்ளைக்கு இந்த மையம் எதற்கு?

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்துவிட்டு, வக்கீல் மூலம் நோட்டீஸ் அனுப்பினேன். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், தேர்ச்சிக்கு உத்தரவாதம் தருவதாகப் பயிற்சி மையங்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. மாணவரின் படத்தைப் போட வேண்டுமானால், அவர் தேர்வான பிறகுதான் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் வாங்க வேண்டும் என்றும் அவை சொல்கின்றன. இதை நோட்டீஸில் தனிப் பத்தியாகச் சேர்க்கச் சொன்னேன். காரணம், செப்டம்பரில் எழுத்துத்தேர்வு முடிவு வந்த வாரத்தில் மையத்தின் வாசலில் கட்டிய ஃபிளெக்ஸில், 'எங்கள் வருங்கால அதிகாரிகள்' வரிசையில் இரண்டாவதாகச் சிரித்துக்கொண்டிருப்பது என் மகன்தான். போன வாரம் அந்த வழியாகப் பேருந்தில் போனபோதும் அதை அவிழ்த்திருக்கவில்லை.