கிருமி கொல்லும் கோட்டிங்: ஒட்டிக்கிற பாலிமரா, வெள்ளியா, செம்பா?

கதவுக் கைப்பிடி, லிஃப்ட் பட்டன், ஆஸ்பத்திரி கட்டில் கம்பி இதுக்கெல்லாம் "ஒரு தடவை அடிச்சா போதும் சார், கிருமி அண்டாது"ன்னு விக்கிறாங்களே, அதுல ஒவ்வொண்ணும் வேலை செய்யிற விதமே வேற, ஆனா நோட்டீஸ்ல மட்டும் எல்லாமே 99.9%தான்.

பரப்போட கெமிக்கலாவே பிணைஞ்சுக்கிற பாலிமர்ல இருந்து ஆரம்பிப்போம். இதுல பழைய ஆளு சிலேன் குவாட்ங்கிற கெமிக்கல், 1972லயே டவ் கார்னிங்ங்கிற அமெரிக்க சிலிக்கோன் கம்பெனிக்காரங்க ஆய்வுக் கட்டுரை போட்டுட்டாங்க. மாலிக்யூலோட ஒரு முனையில சிலிக்கான், அது கண்ணாடியையோ பருத்தியையோ கெட்டியா புடிச்சுக்கும், மறுமுனையில பாசிட்டிவ் சார்ஜ் உள்ள நைட்ரஜன், அதோட 18 கார்பன் நீளத்துக்கு ஒரு வால். பாக்டீரியாவோட தோல் நெகட்டிவ், அதனால தானா வந்து ஒட்டும், ஒட்டுன இடத்துல சவ்வு கிழிஞ்சு செத்துடும். 2001ல அமெரிக்காவோட எம்ஐடி பல்கலைக்கழகத்துல கிளிபனாவ்ங்கிற விஞ்ஞானியோட குழு வேற ஒரு பாலிமரை கண்ணாடி ஸ்லைடுல ஒட்டி, மேல பாக்டீரியாவை ஸ்ப்ரே பண்ணிப் பாத்தாங்க, 99% வரைக்கும் காலி. எதுவும் கசியல, அதனால தீர்ந்துபோற பேச்சே இல்ல. கேக்க அருமையா இருக்குல்ல?

சிக்கல் என்னன்னா, தொடுறதை மட்டும்தான் அது கொல்லும். செத்த பாக்டீரியா, வேர்வை, கை எண்ணெய் எல்லாம் மேல படிஞ்சுடுச்சுன்னா அடுத்து வர்றது அந்த அழுக்கு மேல சொகுசா உக்காந்துக்கும், கோட்டிங் அடியில பத்திரமா இருக்கும், பிரயோஜனம் இருக்காது. சரி துடைப்போம்னா சோப்பு நெகட்டிவ் சார்ஜ், அதுவும் போய் ஒட்டி வேகத்தை கொறைச்சுடும், காரம் தூக்கலான க்ளீனர் போட்டா சிலிக்கான் பிணைப்பே அறுந்துபோகும். அமெரிக்காவுல 2020 ஆகஸ்ட்ல சர்ஃபேஸ்வைஸ்2ன்னு இந்த வகை ஸ்ப்ரேக்கு இபிஏ, அதாவது அந்த நாட்டு சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, அவசர அனுமதி குடுத்துச்சு, 7 நாள் வரைக்கும் கொரோனாவை கொல்லும்னு, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்துல எல்லாம் அடிக்க. தண்ணி திரும்பத் திரும்ப பட்டாலோ உரசினாலோ அவ்ளோ நாள் நிக்காதுன்னு அப்புறம் தெரிஞ்சு, 2021ல அனுமதியையே வாபஸ் வாங்கிட்டாங்க. உரசலும் ஈரமும் இல்லாத கைப்பிடி எங்க இருக்கு சொல்லுங்க.

வெள்ளி இதுக்கு நேரெதிர், பீரோவுல போடுற பாச்சா உருண்டை மாதிரி, கரைஞ்சு வெளிய வந்தாத்தான் வேலை, கரையக் கரைய ஆயுசும் கொறையும். கிருமியை கொல்றது வெள்ளி அயனி, அதாவது சார்ஜ் உள்ள வெள்ளி அணு, ஈரம் இல்லன்னா அது வெளியவே வராது. சரி, எப்பவும் ஈரமா இருக்கிற யூரின் கேத்தீட்டர்லயாவது கலக்கணும்ல? இங்கிலாந்துல 7000 பேருக்கு மேல வச்சு பாத்த சோதனை 2012ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல வந்துச்சு, வெள்ளி பூசுனது சாதா கேத்தீட்டரை விட நோய்த்தொற்றை கொறைக்கல. எனக்கு வெள்ளி மேல இருந்த மரியாதை அதோட போச்சு.

செம்பு கோட்டிங்கே இல்ல, கைப்பிடி முழுக்க அதே உலோகம், அதனால கீறல் விழுந்தாலும் கவலை இல்ல. 2008லயே இபிஏ பதிவு குடுத்துச்சு, 2 மணி நேரத்துல 99.9% பாக்டீரியா சாகும்னு போட்டுக்கலாம். 2013ல வந்த ஆய்வுல, மூணு அமெரிக்க ஆஸ்பத்திரி ஐசியூல நோயாளி தொடுற சில பொருளை செம்புல மாத்தினாங்க, தொற்று 8.1%ல இருந்து 3.4%க்கு எறங்குச்சு. எந்த ரூம்ல செம்பு இருக்குன்னு நர்ஸுங்க கண்ணுக்கே தெரியும், அங்க கூடுதல் கவனமா இருந்திருக்கலாம்கிறதால நான் அதை முழுசா நம்பல, இருந்தாலும் மத்த ரெண்டுக்கும் இந்த அளவு ஆதாரம் கூட கையில இல்ல. விலை ஜாஸ்தி, கறுத்துப்போகும், பளபளப்புக்கு வார்னிஷ் அடிச்சா மொத்தமும் வேஸ்ட்.

விக்கிறவர் ஐஎஸ்ஓ 22196ன்னு கிருமி கொல்லும் பரப்புக்கான சர்வதேச டெஸ்ட் சர்டிபிகேட்டை நீட்டினா அது எப்படி நடக்குற டெஸ்ட்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க: பாக்டீரியா தண்ணியை ஊத்தி, மேல பிளாஸ்டிக் ஃபிலிம் மூடி, 35 டிகிரில 24 மணி நேரம் வச்சு எண்ணுவாங்க. ஈரம் காயாததால வெள்ளிக்கு அது சொர்க்கம். நம்ம கதவுல விழுற தும்மல் துளி கொஞ்ச நேரத்துல காஞ்சுடும்.

என் ஓட்டு கைப்பிடிக்கு செம்பு, காசில்லன்னா சாதா ஸ்டீலும் துடைக்க ஒரு ஆளும். ஒட்டிக்கிற பாலிமரை துணிக்கு வச்சுக்கோங்க, சாக்ஸ், திரைச்சீலை, கார்பெட் மாதிரி. பருத்தியில அது புடிச்சுக்க நெறைய இடம் இருக்கு, அங்க நாத்தம் வராம இருந்தாலே போதும், யாரும் உயிரைக் காப்பாத்தச் சொல்லல. பாலிப்ரொப்பிலீன் சேர் மேல அடிக்கிறேன்னு யாராவது வந்தா வேணாம்னுடுங்க, அதுல புடிக்கவே இடம் கிடையாது, தனக்குள்ளயே பின்னிக்கிட்டு ஒரு படலமா மேல கிடக்கும், தேய்ச்சா உரிஞ்சு வந்துடும்.